சிங்கப்பூர் ஸ்லிங்: அன்னாசி போட்டதா, போடாததா, எது அசல்?

கேள்வி இது. சென்னையிலிருந்து வந்த மச்சானை ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாருக்கு அழைத்துப்போய் சிங்கப்பூர் ஸ்லிங் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இளஞ்சிவப்பு நிறம், மேலே நுரை, அன்னாசி வாசம். மறுநாள் தஞ்சோங் பகார் பக்கம் வேறொரு பாரில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால், அங்கே இருந்தவர் அன்னாசியே இல்லாமல், சோடா ஊற்றி, லேசாக மருந்து வாடை அடிக்கும் செம்பழுப்பான ஒன்றை வைத்துவிட்டு, "இதுதான் ஒரிஜினல், நேத்து நீங்க குடிச்சது ஜூஸ்" என்று சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு இரண்டு இடத்திலும் ஏமாந்துவிட்டோமோ என்று சந்தேகம். எது அசல், வீட்டில் செய்தால் எதைச் செய்வது, லாங் பாரில் கொடுத்த காசுக்கு அது தகுமா என்று மூன்றையும் கேட்கிறீர்கள்.

பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அவசரமாக இருப்பவர்களுக்கு: அந்த பார்டெண்டர் சொன்னதில் பாதி சரி. அன்னாசி பின்னால் வந்தது என்பது உண்மை. ஆனால் "இதுதான் ஒரிஜினல்" என்று அவர் கொடுத்ததும் அசல் என்று முத்திரை குத்தத்தக்க ஒன்று இல்லை, ஏனென்றால் அப்படி ஒற்றை அசல் எப்போதும் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காக எதைக் கலந்து கொடுத்தாலும் சிங்கப்பூர் ஸ்லிங் ஆகிவிடும் என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஹோட்டல் சொல்கிற கதை. 1887-இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார்கள். அங்கே பாரில் வேலை பார்த்த ஹைனானியர் (சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்) ஞியாம் தோங் பூன் 1915-இல் இந்தப் பானத்தை உருவாக்கினார் என்பது ஹோட்டலின் கணக்கு. அக்காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது மரியாதை இல்லை என்பதால் பழச்சாறு மாதிரித் தோற்றம் தருகிற ஒன்றை அவர் கலந்து கொடுத்தார் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிற கதை. ஹைனானியர் ஒருவர் அந்த கவுண்டரில் நின்றார் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஹொக்கியன், தியோசியூ என்ற மற்ற சீனச் சமூகத்தாருக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள், நல்ல வியாபாரமெல்லாம் ஏற்கனவே கைமாறிப் போயிருந்ததால் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல், ஹோட்டல், கப்பல் என்று அந்தப் பக்கம் போனார்கள். காயா ரொட்டியும் சிக்கன் சோறும் நமக்குக் கிடைத்தது அந்த வழியில்தான்.

சிக்கல் எங்கே என்றால், 1915-க்கு முன்பே இந்த ஊர்ப் பத்திரிகைகளில் ஸ்லிங் வந்துவிட்டது. காக்டெயில் வரலாற்றை ஆராய்பவர்களில் முக்கியமானவர் டேவிட் வாண்ட்ரிச். பழைய செய்தித்தாள்களைத் தோண்டி இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர் அவர். 1903-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் வெளிறிய மனிதர்களுக்கு இளஞ்சிவப்பு ஸ்லிங் என்று ஒரு நையாண்டி வரி வருகிறது. அதாவது வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது அப்போதே பழகிய சரக்கு. அதைவிடச் சுவாரசியம் 1913-இல் வந்த செய்தி. ஸ்லிங் கலந்து கொடுக்க மறுத்த ஒரு கிளப்பில் சிலர் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு செர்ரி பிராந்தி, ஒரு டாம், ஒரு ஜின், ஒரு லைம் சாறு, கொஞ்சம் ஐசும் தண்ணீரும், சில துளி பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாரம்) என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஆர்டர் கொடுத்து, மேசையில் தாங்களே கலந்து குடித்துவிட்டார்களாம். டாம் என்றால் பெனடிக்டின் என்ற மூலிகை லிக்கர், பாட்டில் லேபிளில் டி.ஓ.எம். என்று இருக்கிறதே, அது. ஹோட்டல் சொல்லும் ஆண்டுக்கு இரண்டு வருடம் முந்திய இந்தச் செய்தியில் பானத்தின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது. அன்னாசி மட்டும் இல்லை. மாதுளை சிரப்பும் இல்லை, ஆரஞ்சு லிக்கரும் இல்லை.

ஸ்லிங் என்பதே பழைய சங்கதி. மதுவும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்தால் ஸ்லிங். 1806-இல் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, பிட்டர்ஸ் சேர்த்த ஸ்லிங் என்றுதான் பதில் எழுதியது. காக்டெயிலுக்கே இலக்கணம் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள் என்றால் ஸ்லிங் அதற்கும் முந்தியது என்று ஆகிறது. நம் ஊர் வெயிலில் அதைச் சில்லென்று, நீளக் கிளாஸில், நிறைய ஐசோடு குடிக்கத் தொடங்கியதில் புதுமை கொஞ்சம் இருக்கலாம். சோடாவுக்கும் பஞ்சமில்லை; ஃபிரேசர் அண்ட் நீவ் 1883-லேயே இங்கே சோடாத் தண்ணீர் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது (அந்த இரண்டு பேரும் அதற்கு முன்னால் அச்சகம் நடத்தியவர்கள் என்பது தனிக் கதை).

ஆகவே ஞியாம் இதைச் சூனியத்திலிருந்து கண்டுபிடித்தார் என்பது நிற்காது. ஊரில் பல பார்களில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அவர் தன் கைப்பக்குவத்தில் கலந்து, அந்தக் கைக்குப் பேர் வந்தது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. அது அவருக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை விட, ஒரு பானத்தை ஊரே தேடி வந்து குடிக்கிற மாதிரி கலப்பவர் என்ற பேர் பார் வேலையில் பெரிசு.

சரி, எழுத்தில் கிடைக்கும் அளவுகளைப் பார்ப்போம். 1922-இல் லண்டனில் வேலை பார்த்த பெல்ஜியக்காரர் ராபர்ட் வெர்மெயர் தன் புத்தகத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் என்று ஒன்றைத் தருகிறார், சிங்கப்பூரில் பெயர் பெற்ற பானம் என்ற குறிப்போடு. அரை கில் ஜின், எட்டில் ஒரு கில் பெனடிக்டின், எட்டில் ஒரு கில் 'உலர்' செர்ரி பிராந்தி, அரை லெமன் சாறு, ஆரஞ்சு பிட்டர்ஸ் இரண்டு சொட்டு, அங்கோஸ்துரா என்ற பிட்டர்ஸ் இரண்டு சொட்டு; குலுக்கி, கிளாஸில் ஊற்றி, சோடாவால் நிரப்பு. கில் என்பது பிரிட்டிஷ் அளவு, 142 மில்லி. கணக்குப் போட்டால் ஜின் மட்டும் 71 மில்லி, மற்ற இரண்டும் தலா 18 மில்லி. அதாவது நூறு மில்லிக்கு மேல் சரக்கு. இதைக் குடித்துவிட்டு எழுந்து நேராக நடந்தவர்களைக் கும்பிட வேண்டும்.

எட்டு வருடம் கழித்து, 1930-இல் வந்த லண்டன் சவோய் ஹோட்டல் புத்தகத்தில் அங்கே பார்டெண்டராக இருந்த ஹாரி கிராடாக் இரண்டு பானங்களைத் தனித்தனியாகப் போடுகிறார். ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் ஒன்று, சிங்கப்பூர் ஸ்லிங் ஒன்று. அவருடைய சிங்கப்பூர் ஸ்லிங்கில் ஜின், அதைப் போல இரண்டு மடங்கு செர்ரி பிராந்தி, கொஞ்சம் லெமன், சோடா. அவ்வளவுதான், பெனடிக்டின் கிடையாது. 1939-இல் சார்ல்ஸ் பேக்கர் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் ராஃபிள்ஸ் பெயரைச் சொல்லியே ஒன்றை எழுதினார். அதில் ஜினும் செர்ரி பிராந்தியும் பெனடிக்டினும் சம அளவு, அப்புறம் சோடா. 1948-இல் காக்டெயில் நூல் எழுதிய டேவிட் எம்பரி, இந்தப் பானத்துக்கு அச்சில் வந்த குறிப்புகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருந்து தான் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கே இந்த நிலைமை என்றால் இன்றைக்கு நானும் நீங்களும் என்ன செய்ய?

கவனியுங்கள், இத்தனை பேரில் ஒருவர் கூட அன்னாசியைச் சொல்லவில்லை.

அன்னாசி அந்தக் காலத்தில் இங்கே கிடைக்கவில்லையா என்றால், அதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னாசியை டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்வதில் சிங்கப்பூர் பெரிய புள்ளி. ரப்பர் மரம் வளர்ந்து பால் தர வருடக்கணக்கில் ஆகும் என்பதால், இடையில் கிடந்த நிலத்தில் அன்னாசி போட்டுக் காசு பார்த்தார்கள். லிம் நீ சூன் என்ற வணிகர் அதில் சம்பாதித்தவர். இன்றைய யீஷூன் வட்டாரத்துக்கு அவர் பெயர்தான். வணிகர் தான் கா கீயும் தொடக்கத்தில் அன்னாசித் தொழிற்சாலை நடத்தியவரே. இப்படி ஊரெல்லாம் அன்னாசியாகக் கிடந்தும் ஸ்லிங்கில் அதைப் போட்டதாக அக்காலத்து எழுத்தில் இல்லை என்பதுதான் எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. கிடைக்காததால் போடவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாதல்லவா.

இன்றைக்கு லாங் பாரில் கிடைக்கும் வடிவம் 1970-களில் நிலைபெற்றது என்பது வரலாறு தேடுபவர்கள் பொதுவாகச் சொல்வது. இதன் அளவுதான் சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலிலும் இருக்கிறது: ஜின் 30 மில்லி, செர்ரி லிக்கர் 15, குவான்ட்ரோ (ஆரஞ்சு லிக்கர்) 7.5, பெனடிக்டின் 7.5, கிரனடின் (மாதுளை சிரப்பு) 10, லைம் சாறு 15, அன்னாசிச் சாறு 120, அங்கோஸ்துரா ஒரு சொட்டு. எல்லாம் கூட்டினால் 205 மில்லி. அதில் 120 அன்னாசி. பாதிக்கும் மேலே. வெர்மெயர் காலத்தில் 71 மில்லியாக இருந்த ஜின் இங்கே 30-க்கு இறங்கிவிட்டது, சோடா காணாமல் போய்விட்டது. அந்த பார்டெண்டர் ஜூஸ் என்று சொன்னது வாய்க்கொழுப்புதான், ஆனாலும் கணக்கு அவர் பக்கம்.

இப்போது என் நிலைப்பாட்டுக்கு வருகிறேன். அசல் என்று நாம் சண்டை போடும்போது மூன்று வேறு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். எது முதலில் வந்தது என்பது ஒன்று. பெயருக்கு உரிமையுள்ள இடத்தில் எது கிடைக்கிறது என்பது இன்னொன்று. எதை எடுத்துவிட்டால் அது அந்தப் பானமாக இருக்காது என்பது மூன்றாவது, பார் வேலைக்காரனுக்கு இது ஒன்றுதான் உண்மையில் பயன்படுகிற கேள்வி. மீன் தலைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். சோஃபியா ரோட்டில் கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ் தொடங்கி வைத்தது என்பார்கள். அவர் வைத்த குழம்பின் ருசி இன்று எந்தக் கடையிலும் இருக்காது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு மாதிரி, சீனர் கடைகளில் புளியும் தேங்காய்ப் பாலுமாக வேறு மாதிரி. யாரையும் நாம் போலி என்று சொல்வதில்லை. ஆனால் தலையை எடுத்துவிட்டு வெறும் துண்டு மீனைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா விடுவோமா?

ஸ்லிங்கில் அந்தத் தலை எது? பலரும் செர்ரி என்பார்கள், நான் பெனடிக்டின் என்பேன். ஜினும் செர்ரியும் எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்தால் அது செர்ரி போட்ட ஜின் ஸ்லிங், உலகத்தில் எந்த ஊர் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். கிராடாக்கின் 1930 வடிவத்தை நான் கணக்கில் சேர்க்காததும் இதனால்தான், எவ்வளவு புகழ்பெற்ற புத்தகமாக இருந்தாலும் சரி. ஜினும் செர்ரியும் சேர்ந்த கலவையில் பெனடிக்டின் விழுந்த பிறகுதான் அந்த மூலிகையும் தேனும் கலந்த அடிநாக்கு ருசி வருகிறது, செர்ரியின் தித்திப்புக்கு ஒரு கனம் கிடைக்கிறது. 1913 செய்தி, 1922 குறிப்பு, 1939 குறிப்பு, இன்றைய ஹோட்டல் வடிவம் எல்லாவற்றிலும் தவறாமல் இருப்பதும் ஜின், செர்ரி, பெனடிக்டின் மூன்றும்தான்.

இன்னொன்றும் உண்டு. பெனடிக்டின் பிரான்ஸில் ஃபெகாம் என்ற ஊரில் செய்கிற சரக்கு, 1863-இல் அலெக்சாண்டர் லெ கிராண்ட் தொடங்கியது. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது வெறும் பார் சரக்கு அல்ல. பிள்ளை பெற்ற சீனப் பெண்களுக்குப் பத்திய மாதத்தில் உடம்பு தேற டி.ஓ.எம். கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்; கோழி சூப்பில் ஊற்றுவார்கள், அப்படியே சின்னக் கிண்ணத்திலும் கொடுப்பார்கள். பழைய அக்கம்பக்கத்துச் சீனர்கள் இருக்கிற புளோக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குட்டைக் கழுத்துப் பாட்டிலும் சிவப்பு மெழுகு முத்திரையும் பார்த்த நினைவு இருக்கும். உங்கள் மச்சானுக்கு அடித்த மருந்து வாடை அதுதான். இந்த ஊரோடு ஒட்டுறவு எதற்கு அதிகம் என்று என்னைக் கேட்டால், அன்னாசியை விட அந்தப் பிரெஞ்சுப் பாட்டிலுக்குத்தான் என்பேன்.

செர்ரி விவகாரத்தில் நிபுணர்களே இரண்டு கட்சி. வெர்மெயர் எழுதிய 'உலர்' செர்ரி பிராந்தி என்பது கண்ணாடி மாதிரித் தெளிவாக, இனிப்பே இல்லாமல் இருக்கும் கிர்ஷ் என்று ஒரு கட்சி. இல்லை, ஹீரிங் மாதிரிச் சிவந்த, இனிப்பான செர்ரி லிக்கர்தான் என்று இன்னொரு கட்சி. ஹீரிங் 1818-இல் டென்மார்க்கில் தொடங்கிய சரக்கு, ஆக வயது அதற்குத் தடையில்லை. 1903 வரியில் இளஞ்சிவப்பு என்று வருகிறதே, கிர்ஷ் போட்டால் நிறம் எங்கிருந்து வரும் என்று சிலர் மடக்குவார்கள். அது அவ்வளவு உறுதியான வாதம் இல்லை. அங்கோஸ்துரா தாராளமாகத் தெளித்தாலே ஜின் இளஞ்சிவப்பாகும், பிங்க் ஜினே அப்படித்தான். நான் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தவன். கிர்ஷ் போட்டது சுத்தமாக, கூர்மையாக, கொஞ்சம் வறண்டு இருக்கும், இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றாது. ஹீரிங் போட்டது கேட்கத் தோன்றும். ஒரு துறைமுக ஊர் பாரில் எது ஓடியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

லெமனா லைமா என்ற சண்டைக்கு நான் நேரம் செலவழிக்க மாட்டேன். லண்டனில் உட்கார்ந்து எழுதியவர்கள் லெமன் என்று எழுதினார்கள், இங்கே இருந்தவர்கள் லைம் பிழிந்தார்கள். தேக்கா சந்தையில் குவியலாக விற்கும் சின்ன எலுமிச்சம்பழம் சரியானது.

இப்போது லாங் பார், காசு. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து ஒரு கிளாஸ் 40 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிடுகிறது. பானத்துக்கு மட்டும் என்று பார்த்தால் தகாது, வெளிப்படையாகவே சொல்கிறேன். நாள் முழுக்க வரிசை நிற்கிற இடம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து கலந்து கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அதனால் மொத்தமாக முன்கூட்டியே கலந்து வைத்து, சக்கரம் சுற்றிக் குலுக்கும் ஒரு எந்திரத்தில் பல ஷேக்கர்களை ஒரே நேரத்தில் மாட்டி ஆட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் அதை வீடியோ எடுப்பார்கள். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்கலவை என்பது இன்று நல்ல பார்கள் எல்லாமே செய்கிற காரியம், அளவு பிசகாது. அங்கே குறை சொல்வதென்றால் இனிப்பைச் சொல்லலாம். 2017 முதல் 2019 வரை ஹோட்டலைப் புதுப்பித்த சமயத்தில் இனிப்பைக் குறைத்து, சில பாட்டில்களையும் மாற்றினார்கள், முன்னைக்கு இப்போது பரவாயில்லை. கவனித்தீர்களா, அசல் என்று ஊரெல்லாம் தேடி வருகிற இடமே தன் கலவையை மாற்றிக்கொள்கிறது. அந்த பார் இருக்கும் இடமும் அசல் இடம் இல்லை, 1991 புதுப்பிப்போடு ஹோட்டலின் கடைத்தொகுதியான ஆர்க்கேடின் மாடிக்கு வந்தது. சீலிங்கில் வரிசையாக ஆடும் ஓலை விசிறி, கோணிப்பையில் நிலக்கடலை, குப்பை போட்டால் அபராதம் கட்டும் ஊரில் தோலைத் தரையில் போட்டு மிதித்து நடக்கிற சுகம், இதெல்லாம் சேர்த்து 40 வெள்ளி என்று நினைத்துக்கொண்டு போனால் மனசு ஆறும். விருந்தாளியை ஒரு தடவை கூட்டிப் போகலாம். நான் போனால் உள்ளூர் பியரைச் சொல்லிவிட்டுக் கடலையை முடிப்பேன்.

வீட்டில் செய்வதற்கு வருவோம். பாட்டில் செலவை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 700 மில்லி, 40 சதவீத ஜின் ஒன்றில் சுத்த ஆல்கஹால் 280 மில்லி இருக்கும், ஆகத் தீர்வை மட்டுமே ஏறக்குறைய 25 வெள்ளி. அதன் மேல் ஜிஎஸ்டி. ஜின், ஹீரிங், பெனடிக்டின், குவான்ட்ரோ என்று நான்கு பாட்டில் கடையில் வாங்கினால் லாங் பாரில் குடும்பத்தோடு குடித்திருக்கலாம். யாராவது வெளியூர் போய்த் திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் தீர்வையில்லாமல் வாங்கி வரச் சொல்லுங்கள். 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து திரும்பினால் விலக்கு கிடையாது, ஜோகூர் போய் வந்து கேட்டுப் பிரயோஜனமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய வடிவத்தைத்தான் செய்வேன், பாட்டில் ஒன்று குறைகிறது என்பதும் ஒரு காரணம். 71 மில்லி ஜின் எல்லாம் வேண்டாம். ஜின் 45 மில்லி, ஹீரிங் 20, பெனடிக்டின் 15, லைம் சாறு 20, அங்கோஸ்துரா இரண்டு சொட்டு, ஆரஞ்சு பிட்டர்ஸ் இருந்தால் இரண்டு சொட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சோடாவைத் தவிர மற்றதை ஐசோடு குலுக்கி, புது ஐஸ் போட்ட நீளக் கிளாஸில் வடிகட்டி, மேலே 75 மில்லி போல சோடா. சோடாவை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்திருக்க வேண்டும், இது முக்கியம். அறைச் சூட்டில் இருக்கும் சோடாவை ஊற்றினால் வாயு சீறிப் போய்விடும், ஐசும் கரைந்து, கடைசியில் செர்ரி கலந்த தண்ணீர்தான் மிஞ்சும். கிளாஸின் ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள், பிறகு ஸ்பூனால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கி விட்டால் போதும். செர்ரி அடியில் கனமாக நிற்கும், அது மேலே ஏறிவரும்போது நிறம் செம்பழுப்பிலிருந்து தேன் மாதிரி இளகும்.

மனைவி, மைத்துனி, குடிக்கப் பழகாத நண்பர்கள் என்று கூட்டம் இருந்தால் ஹோட்டல் வடிவம்தான் செல்லும், அதில் எனக்கு எந்த வீம்பும் இல்லை. அதில் இரண்டு இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, டப்பா அன்னாசிச் சாறு. பழத்தை வாங்கி மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள். புதுச் சாற்றைக் குலுக்கினால் விரல் கனத்துக்கு நுரை எழும்பி நிற்கும், ஹோட்டல் கிளாஸில் பார்த்தீர்களே அது. டப்பாச் சாற்றில் அவ்வளவு நிற்காது. கை வலிக்கும் அளவுக்குக் குலுக்க வேண்டும், ஷேக்கர் வெளியே பனி பூக்கும் வரை. இரண்டாவது, கிரனடின். கடையில் விற்பது பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்ட சர்க்கரைப் பாகு. தேக்காவில் மாதுளை எப்போதும் கிடைக்கிறது, சாறு எடுத்து அதே அளவு சர்க்கரை போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கிக் கரைத்தால் முடிந்தது. இப்போது சந்தைக்கு வரும் எம்டி2 ரக அன்னாசி தானே தித்திப்பு. அதை வைத்துச் செய்தால் கிரனடினை 10-லிருந்து 5 மில்லியாகக் குறைத்து, லைமை 20 ஆக்குங்கள். புளிப்பான பழம் கிடைத்தால் குறிப்பில் உள்ளபடியே போகலாம். குவான்ட்ரோ இல்லையென்று அதற்காக ஒரு பாட்டில் வாங்க வேண்டாம், 7.5 மில்லி விட்டுப்போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பெனடிக்டினை மட்டும் விடாதீர்கள், அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே பாரில் கேட்கும்போது வெறுமனே சிங்கப்பூர் ஸ்லிங் என்றால் அன்னாசிதான் வரும். சோடா ஊற்றியது வேண்டும் என்றால் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் என்று கேளுங்கள், விவரம் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார். புரியாவிட்டால் பெனடிக்டின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.